உடுப்புக்குள் இருந்த மாதா

இஞ்சாருங்கோ,

நேரில் கதைத்தால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதி உங்கள் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைக்கிறேன்.

நேற்றுப் பனிச்சறுக்குப் போட்டியில் எங்கள் மகள் கனடாவிலேயே முதலாவதாக வந்தாள். அந்த வெற்றி பத்து நிமிடம்கூட அவளிடம் இருக்கவில்லை. அவளுடைய போட்டி உடுப்பைச் சோதித்தவர்கள் உள்ளே தடவிப் பார்த்துவிட்டு, வெற்றி செல்லாது என்றார்கள். அந்த உடுப்பில் புதிதாக ஒரு தையல்கூடப் போடக்கூடாது என்பது விதி. உள்ளே இருந்தது உங்கள் காரில் தொங்கிய மடு மாதா பதக்கம். சாக்குத் தைத்ததுபோன்ற அந்தத் தையலும் உங்களுடையதுதான். மாதாவிடம் கேட்பதென்றால் கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருக்கலாமே!

"எங்கட பிள்ளையளுக்கு இந்தச் சறுக்கல் என்னத்துக்கு?" என்று அவளுடைய ஆறு வயதிலிருந்து கேட்டீர்கள். அவள் கியூபெக் சம்பியனான அன்றும் டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். போட்டி நாளென்றால் உங்களுக்கு எங்கிருந்துதான் வேலை வருமோ! ஒரே ஒரு தரம் மலையடியில் வந்து நின்றீர்களா? இதைத் தைக்கலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

உங்களைத் திட்டச் சொன்னேன். "நான் விழுந்திடுவன் எண்டு அப்பா பயந்திட்டார், அம்மா" என்று அழுதுகொண்டே சிரிக்கிறாள். மாதா பதக்கத்தை உங்களிடம் திருப்பித் தரமாட்டாளாம். கழுத்தில் போட்டிருக்கிறாள்.

எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் போட்டி இருக்கிறது. மாதாவை அனுப்ப வேண்டாம், நீங்கள் வாருங்கள். தடித்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். அங்கே நின்றால் கால் விறைக்கும்.

இத்தனை வருடமும் மலையடியில் தனியாக நின்றவள்