மேசை மேல் இருந்த ஓவன்

குட்டியின் அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் பொய் மாதிரி இருந்தது. நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். குட்டிக்கு நெஞ்சுச் சளி குறைந்துவிட்டது. அவ்வளவுதான் நலம். உங்கள் கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொடும்போது இந்தக் கடிதம் ஏஜெண்ட் ஆபீசில் இருக்க வேண்டும் என்று நாள் பார்த்து அனுப்புகிறேன். இதைப் படித்த பிறகுதான் நீங்கள் கேப்டனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

போனில் 'இன்சூரன்ஸ் ஆபீசுல என்ன சொன்னாங்க?' என்று கேட்டீர்கள். 'பாத்துட்டு இருக்காங்க' என்றேன். அவர்கள் பார்த்து முடித்து அப்போதே பத்து நாள் ஆகியிருந்தது. உங்கள் பின்னால் நாலு பேர் போனுக்காக நின்று முனகுவது கேட்டது. அந்த மூன்று நிமிடத்தில் சொல்கிற விஷயமில்லை இது. 'கான்ட்ராக்டை நீட்ட மாட்டேன்னு சொல்லிடப் போறேன், இன்சூரன்ஸ் பணத்துல வேற ஓவன் எடுத்துக்கலாம், இனி கப்பல் சமையல் போதும், நம்ம ரொட்டிக் கடைதான்' என்று நீங்கள் சிரித்தீர்கள். 'ஹலோ, கேக்குதா, கேக்குதா?' என்று கத்தினீர்கள். கேட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

புயலுக்கு மறுநாளே, எங்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பவில்லை. மூன்றாம் நாள்தான் விட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் தள்ளினால் முன்னறையில் வானம் தெரிந்தது. நாலு கூரைத் தகடு இல்லை. காற்று பிய்த்துப்போட்ட அந்த ஓட்டை வழியாக மழை முழுக்க உங்கள் ஓவனுக்குள் இறங்கியிருந்தது. மாவு பிசையும் மெஷினைச் சாய்த்தால் மோட்டாரிலிருந்து தண்ணீர் கொட்டியது. கீழே, கடல் வந்து திரும்பிய சேறு. சுவரில் என் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு. ஓவனும் மெஷினும் நீங்கள் வைத்துவிட்டுப் போன பெரிய மேசை மேல்தான் இருந்தன. மேசைப் பலகையைக் கடல் தொடவே இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்தார். அவர்தானே உங்களுக்கு 'ரசீது' என்று பெயர் வைத்தவர். 'உனக்கென்னம்மா, ரசீது எல்லாத்துக்கும் பேப்பர் போட்டு வெச்சிருக்காரு. நாங்கதான் தெருவுல நிக்கணும்' என்றார். அந்தச் சேற்றில் நின்றுகொண்டு எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆறாம் நாள் வீட்டுக்காரர் ஆட்களோடு வந்தார். ஓட்டையை நாலா பக்கமிருந்தும் படம் எடுத்தார். மாலைக்குள் புதுத் தகடு போட்டுவிட்டார். வாடகைக்கு வந்த நாளிலிருந்து ஒரு குழாயை மாற்றித் தராத மனுஷன்! கட்டடத்துக்கு அவர் பெயரில் இன்சூரன்ஸ் இருக்கிறதாம், உடனே செலவு செய்தால் உடனே திரும்பக் கிடைக்குமாம்.

மறுநாள் சேதத்தைப் பார்க்க நம்முடைய இன்சூரன்ஸ் சர்வேயர் வருவதாகத் தகவல் வந்தது. உங்கள் அக்கா முதல் பஸ்ஸிலேயே ப்ளீச்சிங் பவுடரும் துடைப்பமுமாக வந்து இறங்கினார்கள். 'ஆபீசர் வர்ற வீடாடி இது? கால் வைக்க இடமில்ல. நாம என்ன அப்படிப்பட்டவங்களா?' என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார்கள். இரண்டு பேரும் சேற்றை வழித்தோம். ஊறிப்போன மெத்தையைத் தெருமுனையில் கொண்டுபோய்ப் போட்டோம். துணியலமாரியின் ஊறி உப்பிய பலகைகளைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டோம். கடைசியாக அண்ணி, 'அவரு எழுதறதுக்கு ஒரு மேசை வேணாமா?' என்றார்கள். சரிதானே என்று எனக்கும் பட்டது. பெரிய மேசையைக் காலி செய்தோம். ஓவனை இறக்குவதற்குள் அண்ணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதையும் மெஷினையும் சுவரோரம் தரையில் வைத்துத் துடைத்தோம். மேசைக்கு அண்ணி தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த விரிப்பைப் போட்டார்கள்.

சர்வேயர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். தரை அவ்வளவு சுத்தமாக இருந்ததால் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார். 'பரவாயில்லையே, புயல் வந்த வீடு மாதிரியே தெரியல' என்றார். அண்ணிக்கு முகமெல்லாம் பல். அவர் சுவரில் இருந்த கோட்டை டேப்பால் அளந்தார். பிறகு ஓவனின் உயரத்தை அளந்தார். 'இது இங்கதான் இருந்துச்சா?' என்றார். 'இல்ல சார், மேசை மேல' என்றேன். 'எந்த மேசை?' அவர் எழுதிக்கொண்டிருந்த மேசையைக் காட்டினேன். விரிப்பைப் பார்த்தார். மேலே புதுத் தகட்டைப் பார்த்தார். 'படம் எதாச்சும் இருக்கா?' என்றார். புயல் நாளிலிருந்து கரண்ட் இல்லை, என் போன் எப்போதோ செத்துவிட்டது. அந்த மேசையிலேயே எழுதினார்: தரையில் இருந்த பொருட்கள், புகுந்த நீரால் சேதம்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. பணம் கிடையாது என்று ஆபீசிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் நம் பாலிசியைக் காயவைத்து, பிரித்து, பதினெட்டுப் பக்கமும் படித்தேன். இப்போது எனக்கு எல்லாம் தெரியும், யாருக்கும் பாடம் எடுப்பேன். காற்று கூரையைப் பிய்த்து மழை மேலிருந்து விழுந்தால் தருவார்கள். அதே புயலின் தண்ணீர் வாசல் வழியாக வந்தால் தரமாட்டார்கள். அதற்கு வெள்ளம் என்று தனியாக ஒரு பாலிசி எடுத்திருக்க வேண்டும். கடலிலிருந்து இருநூறு அடியில் குடியிருக்கிறவர்களுக்கு, தரையில் வரும் தண்ணீரை மட்டும் விட்டுவிட்டு ஒரு காகிதம்! அதை நம்மிடம் விற்றவர் 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்றார். நீங்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

விடவில்லை நான். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆபீசுக்கு நாலு தடவை போனேன். கவுண்டரில் இருந்த அம்மா நல்லவர். 'கூரை பிஞ்சிருந்ததுக்கு ஒரே ஒரு படம் கொண்டாம்மா, நானே மேல அனுப்பறேன்' என்றார். அங்கிருந்து நேராக வீட்டுக்காரரிடம் போனேன். அவரிடம் பதினைந்து படம் இருக்கிறது. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றார். ரொம்ப நேரம் கெஞ்சிய பிறகு காரணம் சொன்னார். கட்டடத்தில் தானே குடியிருப்பதாக எழுதித்தான் இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறாராம், அப்படியென்றால் கட்டணம் குறைவாம். 'உள்ள வாடகைக்கு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா என் கேஸ் போயிடும்மா. நீயே சொல்லு, ஒரு ஓவனுக்காக ஒரு வீட்டை விடுவாங்களா?' என்றார். அவருடைய காகிதத்தில் நாம் அந்த வீட்டில் இல்லவே இல்லை. குட்டி பிறந்தது, தவழ்ந்தது, ஒன்றும் அங்கே நடக்கவில்லை. புகார் கொடுப்பேன் என்றேன். 'குடு. மொதல்ல வேற வீடு பாத்துட்டுக் குடு' என்றார். இந்தத் தெருவில் கூரை மிச்சமிருப்பது ஆறு வீடுகளுக்கு. வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். என்னை நினைத்தால் எனக்கே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஓட்டலையும் மூடிவிட்டார்கள். சலவைப் பிரிவில் என்னோடு சேர்த்துப் பதினோரு பெண்களையும் போகச் சொல்லிவிட்டார்கள். முதலாளிக்கு நட்டமில்லை. புயலால் வராமல் போன விருந்தாளிகளின் வாடகைக்குக்கூட அவருக்கு இன்சூரன்ஸ் உண்டாம். வராதவர்களுக்குப் பணம் வருகிறது. அவர்கள் படுக்கை விரிப்பைத் துவைத்த எங்களுக்குக் கேட்டைச் சாத்துகிறார்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓவனை மேசையிலிருந்து இறக்கியதால்தான் பணம் போனது என்று அண்ணிக்குத் தெரியாது. 'ஆபீசர் ஷூவைக் கழட்டிட்டு வந்தாருடி' என்று இன்னமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லட்டும். நீங்கள் எப்போது பேசினாலும் கூரை, மேசை என்று எதையும் எடுக்காதீர்கள்.

ஓவனை மெக்கானிக் பார்த்துவிட்டார். எடைக்குத்தான் போகும் என்றார். இன்னும் போடவில்லை. குட்டி அதன் கண்ணாடிக் கதவைத் திறந்து பொம்மையை உள்ளே படுக்க வைக்கிறாள்.

அவளுக்கு அடுத்த மாதம் மூன்று வயது. நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று நான்தான் முந்திக்கொண்டு சொல்லிவைத்தேன். அது என் தப்பு, நானே பேசிக்கொள்கிறேன். போனில் 'எப்ப வருவே?' என்று கேட்பாள். எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், நாள் மட்டும் சொல்லாதீர்கள். விரல் விட்டு எண்ணப் பழகிவிட்டாள்.

உங்களுக்கு அங்கே முதுகு வலி, அடுப்படி வெக்கை, எல்லாம் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நாள்கூட முடியாது என்று போன வருடமே எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது, ஆனால் எனக்கு மனப்பாடம். தெரிந்தேதான் எழுதுகிறேன். கேப்டன் நீட்டும் காகிதத்தில் இரண்டு வருடம் என்றுதான் இருக்கும். கையெழுத்துப் போடுங்கள். போட்ட அன்றைக்கு எனக்குப் போன் செய்ய வேண்டாம். இரண்டு நாள் கழித்துச் செய்யுங்கள். அதற்குள் குரலைச் சரிசெய்து வைத்திருப்பேன்.

எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
குட்டியின் அம்மா