நண்பகலில் சுரண்டுவது

தீஸி மலைக்கிராமம்,
மார்ச் 27, 1984

பேரன்புக்கும் நன்மதிப்புக்கும் உரிய மகன் அரெஸ்கிக்கு, உன் தாய் மல்ஹா வணக்கத்துடன் வரைவது. ஜனவரியில் நீ மொன்ட்ரியாலிலிருந்து எழுதிய கடிதத்திற்கு மார்ச் முடியும் இவ்வேளையில் மறுமொழி எழுதுகிறேன். காலதாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் நலம். உன் அண்ணன் மொகாண்டும் நலம். பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் கருவுற்ற உன் அண்ணி வார்தியாவுக்கு இன்னும் சில வாரங்களில் பிள்ளைப்பேறு. அங்கே பனி உருகவில்லை என்று எழுதியிருந்தாய்; வெயில் கண்டவுடன் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிடாதே, மார்ச் மாத வெயிலை நம்பலாகாது. உன் பள்ளிப் புத்தகங்களைக் கொண்டே எழுத்துக் கூட்டக் கற்றவள் நான். எனக்கே விளங்காத ஒன்றை எவ்வாறு எழுதுவது என்று தயங்கியதால்தான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை. இப்போது கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

வார்தியா சேற்றில் வழுக்கி விழுந்துவிடக் கூடாதென்று, குளிர் தொடங்கியதும் மொகாண்ட் பின்முற்றத்திற்குச் சிமெண்ட் பூசினான். வேலியோரம் மட்டும் ஒரு சாண் மண் மிச்சம். ஜனவரி பிப்ரவரியிடம் ஒரு நாள் கடன் வாங்கி ஆட்டுக்காரக் கிழவியைக் குளிரில் கொன்றதாகக் கதை சொல்வோமே, அந்தப் பொல்லாத நாளில், வழக்கம்போல் ஆட்டைக்கூட வெளியே விடாமல் கதவடைத்து இருந்தோம். அது கழிந்து வெயில் விழுந்த முதல் நண்பகலில், அத்திமரத்தருகே சிமெண்டுக்கு அடியிலிருந்து சுரண்டும் சத்தம் கேட்டது. நகத்தால் பலகையைக் கீறுவது போன்ற சத்தம். சில கீறல்கள், பிறகு ஓர் இடைவெளி, மேலே ஆள் இருக்கிறதா என்று காது கொடுப்பது போல. நிழல் படர்ந்ததும் நின்றுவிட்டது. மறுநாளும் தரை சூடேறிய பிறகே தொடங்கியது. வீட்டைக் காக்கும் ஆவிகளின் வேலை என்று முதலில் சொன்னவள் நான்தான். வாசற்படிக்கு அடியில் குடியிருப்பவர்களின் வழியை மூடிவிட்டோம், அவர்களைத் தணிவிக்க வேண்டும் என்றேன். அன்றுமுதல் முதல் கரண்டி கூஸ்கூஸ் சோற்றை ஆலிவ் எண்ணெய் விட்டு அவ்விடத்தில் வைத்தோம். வார்தியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "கோவிச்சுக்காதீங்க பெரியவங்களே, உங்க பையன் தெரியாம பண்ணிட்டான்" என்பாள். மொகாண்டோ, "என் தட்டுல ஊத்துற எண்ணெயைவிட அவங்களுக்கு ஜாஸ்தியா இருக்கே!" என்று சிரிப்பான். ஆனால் அந்தச் சோற்றை எறும்புகூடத் தொடவில்லை. அதைக் கண்டபின் அவனும் சிரிப்பதை விட்டான்.

பனி விலகி வாதுமை பூத்தது. முள்ளெலி விழித்து வெளியே வந்தது. நேரே குறுக்கே போகாமல், வேலியோர மண்ணைப் பிடித்தபடி முற்றத்தைச் சுற்றியே நடந்தது. சூடான கல்லென்றால் ஓடிவரும் பல்லிகள் ஒன்றும் சிமெண்டில் ஏறவில்லை. பூனை மட்டும் அதில் காதை வைத்துப் படுத்து, வாலை அசைத்துக்கொண்டிருந்தது. தகைவிலான்கள் சமையலறை உத்தரத்துப் பழைய கூட்டைத் தேடி வந்தன, ஒரு சுற்றுச் சுற்றின, உட்காராமலே போய்விட்டன. இவ்வாறிருக்க, பக்கத்து வீட்டு ஷபா அக்காள் வசந்தத்தை வரவேற்கும் நாளில் முட்டை கொண்டுவந்தவள், முற்றத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி மல்ஹா, சின்னவன் வளர்த்த ஆமை இன்னுமா எந்திரிக்கல? பிரான்ஸ்ல வேலை பார்த்துத் திரும்பின கிழவங்க மாதிரி பென்ஷன் வாங்கிட்டுப் படுத்துக் கிடக்குதா?" என்று கேட்டாள். சிமெண்ட் பூசும்போது எங்கள் மூவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. பள்ளி நாளில் நீ ஓக் காட்டிலிருந்து கொண்டுவந்து, ஓட்டில் சிவப்புச் சாயத்தால் குறியிட்ட உன் ஆமை. ஆண்டுதோறும் அத்திமரத்தடியில்தான் மண்ணுக்குள் போகும். உயிரோடு புதைந்த ஒன்றுக்கு இத்தனை நாள் சோறு வைத்து வணங்கிக்கொண்டிருந்தோம்.

அந்த நிமிடமே மொகாண்ட் கடப்பாரையால் உடைத்தான். ஓடு கிடைத்தது. சிவப்புக் குறி அப்படியே இருந்தது. ஆனால், மகனே, அது காய்ந்த சுரைக்குடுவை போலக் கனமற்றிருந்தது. உள்ளே எலும்புத் துணுக்குகளினூடே அத்திவேர் பின்னிப் படர்ந்திருந்தது. அந்த வேர் ஒரு குளிர்காலத்தில் வளரக் கூடியதன்று. அப்படியானால் சென்ற அக்டோபரில் என் கையிலிருந்து கீரை தின்றது எது? அதன் முதுகில் குறி இருந்ததா என்று கேட்டால் மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறோம். ஓட்டின் பக்கத்தில் ஒரு வளை, புது மண் ஈரத்தோடு, சமையலறைப் பக்கமாகப் போகிறது. மொகாண்ட் முழங்கை வரை கைவிட்டான், உடனே உருவிக்கொண்டான். "உள்ள வெதுவெதுன்னு இருக்கும்மா" என்றான்.

வளையின் வாயைத் திறந்தே வைத்திருக்கிறோம். எதுவும் வெளியே வரவில்லை. சத்தம் இப்போது வார்தியா மாவு பிசையும் இடத்திற்கு நேர் கீழே கேட்கிறது. நேற்று அவள் மாவுக் கையோடு எழுந்து, "அத்தை, என் புள்ள முதல்ல கேக்குற சத்தம் இதுவா இருக்கக் கூடாது. ஒண்ணு தோண்டி எடுங்க, இல்ல என்னை எங்கம்மா வீட்டுல விட்டுடுங்க" என்றாள். மொகாண்ட், "தரையை உடைச்சா சுவரும் சேர்ந்து இறங்கும், அப்புறம் எங்க படுப்ப? ஆட்டோடயா?" என்றான். இருவர் சொல்வதும் நியாயமே. உள்ளே உயிர் தவிக்கிறதென்றால் சுவர் போனாலும் போகட்டும், உடைப்போம். வேறெதுவோ என்றால் அந்தத் தரையை நாங்கள் தொடமாட்டோம்; வார்தியா தாய்வீட்டிலேயே பிள்ளை பெறட்டும்.

நீ எங்கிருந்தாலும் உன் வாசல் அமைதியாக இருக்கவும், உன் உடல் உறுதி பெறவும் வாழ்த்துகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. இதை எழுதும்போது நண்பகல் ஆகிவிட்டது, கீறல் தொடங்கிவிட்டது. அன்று நீ காட்டிலிருந்து கொண்டுவந்தது ஓர் ஆமையா, இரண்டா? தந்தியில் ஒரே சொல் போதும்; தரையை உடைப்பதா விடுவதா என்று அதைக் கொண்டே முடிவு செய்வோம். விரைந்து அனுப்பு.

உன் தாய்,
மல்ஹா