பரளச்சிக்கு வந்த கப்பல் கம்பி

அன்பு மகள் மாரீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கஞ்சி குடித்து நடமாடுகிற அளவுக்கு நலம். நீயும் மாப்பிள்ளையும் மஸ்கட் வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுடைய கப்பலை உடைத்துவிட்டார்கள் தாயி. கடற்படையில் இருந்தபோது அவர் எஞ்சின் ரூமே கதியென்று கிடந்த கப்பல். பிறகு பீரங்கியை எல்லாம் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் படிக்கிற பயிற்சிக் கப்பலாக மாற்றினார்கள். உன் அண்ணன் மாரிக்கண்ணனும் அதில்தான் படிக்கப் போனான், புயல்காற்றில் கடலில் விழுந்தவன் உடம்பாகக்கூடத் திரும்பவில்லை. உனக்குத் தெரியாததா. உடம்பைப் பார்க்காமல் என் பிள்ளைக்குப் பால் ஊற்றக் கூடாது என்று சொந்தபந்தத்தை எல்லாம் விரட்டினேன், அவன் வந்தால் திறந்திருக்கட்டும் என்று வாசல் கதவைத் தாழ் போடாமலே படுத்தேன். அப்பா மட்டும் ஆடி அமாவாசைதோறும் துறைமுகத்துக்குப் போய், அந்தக் கப்பல் ஓரம் நின்று நம் கிணற்றுத் தண்ணீரைக் கடலில் விட்டு வருவார்.

இந்த வருஷம் போனால் கப்பல் இல்லை. வடக்கே உடைக்கக் கொண்டுபோய்விட்டார்களாம். மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கிருந்தே ரயிலேறிவிட்டார், நான் போன் அடித்து அடித்து ஓய்ந்தேன். அங்கே பாதிக் கப்பல்தான் மிச்சமாம். எம் பிள்ளை கடைசியா நின்ன கப்பல்யா இது, ஒரு துண்டு குடுங்கய்யா என்று கும்பிட்டுக் கேட்டிருக்கிறார். யாரோ புண்ணியவான் மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பியில் ஒரு முழம் அறுத்துக் கொடுத்திருக்கிறார். அதைத் துண்டில் சுற்றி, வழியெல்லாம் மடியை விட்டு இறக்காமல் நம்ம பரளச்சிக்குக் கொண்டுவந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. இரும்பக் கொண்டாந்து எம் பிள்ளைங்கிறீகளா என்று கத்தினேன். தொட்டுப் பாரு புள்ள என்றார். தொட்டேன். கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்று தேய்ந்திருந்தது தாயி. எத்தனையோ பிள்ளைகள் பிடித்த கம்பி, அதில் என் பிள்ளை கையும் இருக்குமே. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கம்மங்காட்டு ஓரத்தில் உன் தாத்தாவைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் அதைப் புதைத்தோம். மறுநாள் நானே செம்பில் பால் கொண்டுபோய் ஊற்றினேன். கரிசல் மண் உடனே குடித்துவிட்டது.

வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. நீங்கள் இருவரும் ஆயுசோடு நல்லா இருக்கணும். லீவில் வரும்போது எந்நேரமானாலும் கதவைத் தட்டிக் கூப்பிடு. இப்போது தாழ் போட்டுத்தான் படுக்கிறேன்.

உன் அம்மா
மூக்கம்மாள்