முனீஸ்வரர் தகடும் மூன்று இன்டர்கூலரும்

பாசமுள்ள ரகு மச்சானுக்கு,

உன்னை எரித்துவிட்டு வந்த அன்றே உன் அப்பா என்னை அடித்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட்டின் கீழே, வந்த சனம் எல்லாம் பார்க்க, இரும்பு நாற்காலியைத் தூக்கி என் தோளில் இறக்கினார். "எம்புள்ள வண்டியில கண்டதையும் மாட்டிக் கொன்னுட்டியேடா, கொலகாரா!" என்று கத்தினார். உன் தங்கச்சி மாலா நடுவில் பாய்ந்தாள். அவளுக்கும் ஓர் அறை விழுந்தது. நான் திருப்பி அடிக்கவில்லை. மாமனார் என்ற மரியாதையில் அல்ல, அன்றைக்கு எனக்கு வலியே உறைக்கவில்லை.

இந்தக் கடிதம் சாந்தமாக வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் மேல் எனக்குக் கொலைவெறி. செத்துப்போனவனை என்ன செய்ய முடியும்?

நீ பார்க்காததைச் சொல்கிறேன். ஃபெடரல் ஹைவேயில் என்ஜின் உடைந்து புகை கக்கியதும் எமர்ஜென்சி லேனில் ஒதுங்கினாய். இறங்கியவன், உள்ளே விட்ட போனை எடுக்கச் சாலைப் பக்கமிருந்த டிரைவர் கதவைத் திறந்தாய். பின்னால் வந்த லோரி கதவோடு உன்னையும் பிய்த்துக்கொண்டு போனது. கதவு காட்டுப்புல்லில் கிடந்தது, நீ தடுப்புக் கம்பியில் கிடந்தாய். அடையாளம் காட்டப் போனவன் நான். கழுத்துக்குக் கீழே துணியை விலக்க வேண்டாம் என்றார்கள். விலக்கினேன். நீ என் கல்யாணத்தில் என்னைத் தூக்கிச் சுற்றிய அந்த நெஞ்சு இருந்த இடத்தில் நெஞ்சு இல்லை. வெளியே வந்து சுவரில் முட்டினேன். நெற்றியில் தழும்பு இன்னும் இருக்கிறது.

போலீஸ் உன் காரை விடுவித்ததும் கிள்ளானில் என் ஒர்க்‌ஷாப்புக்கே இழுத்துவந்தேன். என்ஜினைப் பிரித்தபோது மாலா பக்கத்திலேயே நின்றாள். பிஸ்டன் ஒன்று உருகி, உடைந்து, பக்கச் சுவரைக் கிழித்திருந்தது.

"அப்பா சொல்ற மாதிரி நீங்க மாட்டுனதுதான் காரணமா?" என்று கேட்டாள்.

அவளுக்கு இன்டர்கூலரைக் கழற்றிக் காட்டினேன். "டர்போ காத்த அழுத்தி என்ஜினுக்கு அனுப்பும். அழுத்துனா காத்து சூடாயிடும். அதக் குளுர வைக்கிற பெட்டிதான் இது. பம்பர் வாய்க்குப் பின்னால நிக்கும், எதிர்காத்து பட்டாதான் வேலை செய்யும். சூடான காத்து உள்ள போனா பிஸ்டன் இப்படித்தான் போகும்."

அவள் குனிந்து பார்த்தாள். பெட்டியின் ஓரமெல்லாம் புழுதி, செத்த பூச்சி. நடுவில் மட்டும் கடையில் வாங்கிய நாள் மாதிரி பளபளப்பு. அந்தப் பளபளப்பின் மேல்விளிம்பு சூலம் போல மூன்றாகப் பிரிந்திருந்தது. காற்றே படாத இடம் அது. எந்தச் சாமான் மறைத்தது என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பம்பரில் உன் அப்பா மாட்டிய தகடு அப்படியே இருந்தது.

ரயில்வேயில் காலமெல்லாம் வெல்டராக இருந்த மனிதர். மகன் கார் வாங்கியதும் கனமான இரும்பில் சூலமும் அரிவாளும் வெட்டி, "முனீஸ்வரர் துணை" என்று எழுத்து ஒட்டி, கோயிலில் பூசை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பம்பர் வாயை அடைத்து மாட்டினார். நம் ஆட்கள் வண்டியில் சாமி இல்லாமல் சாலை ஏறுவார்களா? மேல் கிரில் வழியாக ரேடியேட்டருக்குக் காற்று போனதால் சூட்டு மீட்டர் ஊசி கடைசிவரை நடுவிலேயே நின்றது, ஆபத்து உனக்குத் தெரியவே இல்லை.

உன்னிடம் சொன்னேனா இல்லையா? இன்டர்கூலரை முன்னால் வைத்த அன்றே சொன்னேன், "தகட்டக் கழட்டிப் பின்னால மாட்டு மச்சான்" என்று. நீ சிரித்தாய். "அப்பா மாட்டுனத நான் கழட்டவா? நீ போய்ச் சொல்லு, பாப்போம். சாமி காத்த அடைக்குமா லா?" அதோடு விட்டாயா? பத்து தீகா பக்கம் வேறொரு மெக்கானிக்கிடம் போய் டர்போ அழுத்தத்தையும் ஏற்றிக்கொண்டாய். அப்பா மனம் நோகக்கூடாது, கூட்டாளிகள் முன்னால் காரும் பறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிச் செத்தாய், மடையா.

மாலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட இதச் சொல்லிடாதீங்க. அவரே தூக்கு மாட்டிக்குவாரு."

சரி என்றேன். ஆனால் உன் அப்பா என்னைச் சும்மா விட்டாரா? ஒரு காலைப்பொழுதில் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தார். சுவரோரம் சாத்தியிருந்த சம்மட்டியை எடுத்தார். தரையில் கிடந்த இன்டர்கூலரை அடிக்க ஆரம்பித்தார். அலுமினியம் நசுங்கித் தெறித்தது. அவர் உள்ளங்கை கிழிந்து பிடியில் ரத்தம் வழிந்தது. அப்போதும் நிறுத்தவில்லை. அடித்த இடத்திலேயே அடித்தார், நடுவிலேயே, ஓரத்தைத் தொடாமல். பெட்டி இரண்டாகப் பிளந்து சிமெண்டுத் தரை பெயர்ந்தது. பிறகு சம்மட்டியை என் காலடியில் வீசினார்.

"இதான்டா கொன்னுச்சு! இத மாட்டுனவன் நீ!"

என் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. அதைவிடப் பெரியது நாக்கில் இருந்தது. ஒரு வாக்கியம் போதும், அந்தக் கிழவரை அங்கேயே சாய்த்திருப்பேன். சாய்க்கத்தான் ஆசைப்பட்டேன் மச்சான், பொய் சொல்ல மாட்டேன். வாயைத் திறந்துவிட்டேன்.

அவர் பம்பர் முன்னால் உட்கார்ந்து, ரத்தக் கையால் தகட்டைத் துடைத்தார். "முனீஸ்வரன் ஒண்ணே ஒண்ண மட்டும் விட்டு வச்சாரு. எம்புள்ள மொகத்துல ஒரு கீறல் இல்ல. மொகத்தப் பாத்துதான் அனுப்புனேன்" என்றார். என்னிடம் அல்ல, தகட்டிடம். நான் வாயை மூடிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே சாத்தியிருந்த பழைய கார்க் கதவொன்றை ஸ்பேனரால் அடித்துக் கூழாக்கினேன். வாடிக்கையாளர் ஒருவர் வண்டியைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார்.

அப்புறம் மாதக்கணக்கில் பேச்சில்லை. போன மாதம் அவரே வந்தார். "மாப்ள, அவன் மொத திதிக்கு இந்த வண்டியிலதான் கோயிலுக்குப் போகணும். சரி பண்ணிக் கொடு. டர்போவோட. அவன் வச்ச மாதிரியே." பம்பரைத் தொட்டு, "தகடு முன்னாலயே இருக்கட்டும்" என்றார்.

வேறு என்ஜினும் இன்டர்கூலரும் வாங்க ஸ்ரீ கெம்பாங்கானில் ஹாஃப்-கட் கடைக்குப் போனேன். ஜப்பானில் பாதியாக அறுத்து அனுப்பும் கார்களின் முன்பாதிகளுக்கு நடுவே நின்று யோசித்தேன். முன்னால் வைக்கும் பெட்டி இருப்பதிலேயே நல்லது, ஆனால் தகடு அதை மறுபடியும் கொல்லும். தண்ணீரில் குளிர வைக்கும் வகை சின்னது, கெட்டிக்காரத்தனமானது. ஆனால் அந்தத் தண்ணீரைக் குளிர வைக்கவும் முன்னால் ஒரு குட்டி ரேடியேட்டர் வேண்டும், அங்கேயும் சாமி நிற்கிறார். மிச்சம் ஒன்றுதான். என்ஜின் தலைமேல் உட்காரும் வகை, பானெட்டில் ஓட்டை போட்டு மேலிருந்து காற்று பிடிப்பது. நீ வாய்க்கு வாய் "இட்லிச் சட்டி" என்று கேலி செய்வாயே, அதே.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா பாஸ், முன்னால எடம் இருக்கும்போது யாராச்சும் மேல வைப்பாங்களா? பெட்டாலிங் ஜெயா ஜாம்ல நின்னா என்ஜின் சூட்டுலயே வெந்துடும் லா."

"தெரியும் அண்ணே. டர்போ அழுத்தத்தக் கொறைச்சிடுவேன். வயசானவரு ஓட்டுற வண்டி, பறக்க வேணாம்."

உன் பானெட்டை நான்தான் அறுத்தேன். கிரைண்டர் பிளேடு சிவப்புப் பெயின்டில் இறங்கியபோது உன் நெஞ்சில் இறங்குவது போலிருந்தது. தீப்பொறி கையைச் சுட்டது, நிறுத்தாமல் அறுத்தேன். அழுகையும் கெட்ட வார்த்தையுமாகத்தான் அந்த வேலை முடிந்தது.

நேற்று உன் திதி. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு அவரே ஓட்டினார். நான் பக்கத்தில், மாலா பின்னால் பூமாலையோடு. பங்சார் தாண்டி நீ விழுந்த இடம் வந்ததும் எமர்ஜென்சி லேனில் ஒதுக்கிவிட்டார். "அப்பா, இங்க நிக்காதீங்க!" என்று மாலா அலறினாள். லோரிகள் உரசிக்கொண்டு போயின, காரே ஆடியது. என் பக்கக் கதவு வழியாக அவரை இழுத்து இறக்கினேன். முன்னால் போனார். குனிந்து தகட்டைப் பார்த்தார். நிமிர்ந்து பானெட்டு ஓட்டையின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார், சம்மட்டியில் கிழிந்து தையல் தழும்பு ஏறிய அந்தக் கையை.

"மாப்ள, இதுக்கு முன்னால எதுவும் மறைக்காதுல்ல?"

எனக்கு ஒர்க்‌ஷாப் தரையில் சம்மட்டி விழுந்த இடம் ஞாபகம் வந்தது. நடுவில் மட்டும், அந்தப் பளபளப்பின் மேல் மட்டும், சூலம் இருந்த அடையாளமே இல்லாமல் போகும்வரை. ரயில்வே வெல்டருக்கு அந்தத் தடம் எதன் தடம் என்று புரியாதா? அன்றைக்கே தெரிந்துதான் அடித்தாரா? அப்படியானால் "இத மாட்டுனவன் நீ" என்று கத்தியது என்னைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா?

"மறைக்காது மாமா. காத்து நேரா போகும்" என்றேன்.

தலையாட்டினார். பிறகு அந்தக் கையாலேயே தன் மார்பில் அறைந்துகொள்ள ஆரம்பித்தார். சத்தமில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, பலங்கொண்ட மட்டும். பிடிக்கப் போன என் வாயில் முழங்கை பட்டு உதடு கிழிந்தது. விடவில்லை. இறுக்கிக் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் அடியெல்லாம் என் முதுகில் விழுந்தது. விழட்டும் என்று நின்றேன்.

கோயிலுக்கு நான் ஓட்டினேன். இட்லிச் சட்டி நன்றாகவே ஓடுகிறது, நீ நம்ப மாட்டாய்.

அவரும் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன் மச்சான். அவருக்கு எப்போதெல்லாம் யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கிறதோ, ஒர்க்‌ஷாப் கதவு திறந்தே இருக்கும், நானும் அங்கேயே இருப்பேன். தன்னை அடித்துக்கொள்ள மட்டும் விட மாட்டேன். இது சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டியவன், இனி உன் அப்பாவுக்கும் மகன்,
செல்வம்