படைப்பன்று "வாரேன்" என்றது யார், மதினி?

எங்கே இருந்தாலும் என் சத்தம் கேட்டுவிடுகிற அன்பு மதினிக்கு,

சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேத்தி எடுக்கிற வயதில் எனக்கு, உச்சி வெயிலில் நம் வீட்டுக் கிணற்றடிக்குப் போகத் துணை வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஜமீலாவைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்து, ஏதாவது பேசிக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டுத்தான் வாளியை இறக்குகிறேன். அவளுக்குப் பேச்சு தீர்ந்துவிட்டால் மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்கிறேன். "நேத்தும் இதைத்தானே கேட்டீக அக்கா" என்கிறாள்.

யாரையாவது கேலி பண்ணாவிட்டால் சோறு இறங்காத இந்தச் சிறுக்கிக்கா இந்தக் கதி என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அதற்குத்தான் இவ்வளவு எழுத்தும். மூன்றாம் வகுப்போடு நின்றவளுடைய எழுத்து, கோணலாகத்தான் இருக்கும்.

முதலில் வீட்டுச் சேதி. உங்கள் மடியில் கிடந்து வளர்ந்த என் மகள் தேவகி வந்துவிட்டாள். கீழச்சிவல்பட்டியில் கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து, முதல் பஸ்ஸில், மாற்றுச் சேலைகூட இல்லாமல் வந்து இறங்கினாள். அவள் முதுகை நான் பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன். உங்கள் தம்பியிடம் வாயால்தான் சொன்னேன். அவர் சைக்கிள் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நாள் எல்லோரும் "பாவம் புள்ள" என்றார்கள். பிறகு அந்த வார்த்தை வந்துவிட்டது. உப்பு விற்கிறவர் தெருவில் நின்று கேட்டார்: "வாழாவெட்டி வீட்டுக்கு உப்பு வேணுமா?" அவர் கெட்டவர் இல்லை. உங்களைச் சொல்லிப் பழகிய வாய். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, வீட்டை விட்டு அந்தப் பெயர் போகவில்லை. உள்ளே இருந்த தேவகி உப்புப் பானையை எடுத்துக்கொண்டு போனாள். அளந்து வாங்கினாள்.

உங்களை யார் மதினி திட்டியிருக்கிறார்கள்? பினாங்குக்குப் போன உங்கள் மாப்பிள்ளை அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார், நீங்கள் பித்தளைக் குடத்தோடு பிறந்த வீட்டுக்கு வந்தீர்கள். அன்றிலிருந்து ஊருக்கு நீங்கள் வாழாவெட்டி. செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் பலகாரத்துக்கு ஆள் தேடினால், "அந்த வாழாவெட்டியக் கூப்புடுங்க, அதிரசம் பதம் தப்பாது" என்பார்கள். பாராட்டித்தான் சொன்னார்கள். நீங்களும் "இந்தா வாரேன்" என்று கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டே எழுந்து போவீர்கள்.

ஒருநாள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கேட்டேன். "ஏன் மதினி, அப்புடிக் கூப்புட்டா ஒங்களுக்குச் சுருக்குனு இருக்காதா?"

"மொதல்ல இருந்துச்சுடி. பெறகு அதுவே என் பேராப் போச்சு" என்றீர்கள். கை நிற்கவில்லை. அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வார்த்தைக்கு வார்த்தை கோபப்படுகிறவள் இல்லை நான். உங்கள் தம்பி என்னைக் கழுதை என்கிறார், காப்பி கொடுக்கிறேன். நீங்கள் அடி சிறுக்கி என்று கூப்பிட்டால் எனக்கு வெல்லம் தின்ற மாதிரி இருக்கும். இப்போது அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. அதே வார்த்தையைத் தெருவில் ஒருத்தன் சொன்னால் விளக்குமாற்றை எடுப்பேன். ஆனால் இந்த வாழாவெட்டியை யார் சொன்னால் இனிக்கும்? பிரியமாகச் சொல்ல முடியுமா அதை? நானும் பலவிதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், வரவில்லை.

தேவகியையும் அதே வார்த்தையால் கூப்பிடுகிற உங்கள் சின்னாத்தாவிடம் இதைச் சொன்னேன். உங்கள் சித்தப்பா பெண்டாட்டி, நம் வீட்டில் மிஞ்சியிருக்கிற மூத்தவர், அவரிடம் சொன்னால் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி.

"நான் என்னடி வஞ்சேனா? உள்ளதைச் சொன்னேன். புருசன் வீட்டுல வாழாதவளை வேற எப்புடிச் சொல்றது?"

"தேவகினு சொல்லலாம்."

"தேவகினு ஊருக்குள்ள எத்தனையோ பேரு. எந்தத் தேவகினு கேட்டா?"

"நல்லா அதிரசம் சுடுற தேவகினு சொல்லுங்க."

"அவளுக்கு எங்கடி அதிரசம் வருது? கல்லு மாதிரில்ல இருக்கு."

அது நிஜம்தான், உங்கள் கை அவளுக்கு வரவில்லை. ஆனால் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் என்னிடம் சொன்னார்: "அக்காவைச் சொன்னப்ப நான் சின்னப்பய. ஒண்ணும் செய்ய முடியல. இப்ப மகளையும் சொல்றாக. காதுகொண்டு கேக்க முடியல. அக்காவுக்குப் படைப்பு முடியட்டும். கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டுல விட்டுட்டு வந்துர்றேன்." அந்த முதுகோடா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

ஒரு வார்த்தைக்குப் பயந்து பிள்ளையை அடிக்கிறவன் கையில் திருப்பிக் கொடுக்கப் போகிறோம் என்று எனக்கு அன்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

படைப்பு வந்தது. இத்தனை வருஷம் செத்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் படைத்தவர் நீங்கள். இந்தத் தடவை இலை உங்களுக்கு. ஜமீலா வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய நைலக்ஸ் சேலை ஒன்றை அவளே கொண்டுவந்து, "பெரியக்காவுக்கு வைங்க" என்று கொடுத்தாள். நீலத்தில் வெள்ளைப் பூ. கூடையில் மடித்துவைத்தோம். உச்சி வேளை. காற்றே இல்லை. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மூத்தவர் அழைக்கும்போது மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. செத்தவரை அழைத்த அழைப்புக்கு இருக்கிறவர் பதில் சொன்னால், வந்தவர் அவரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று சொல்லி, என் முதல் படைப்பில் என் வாயைப் பொத்தியவரே நீங்கள்தான். புழங்கின பெயரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்கு வழி தெரியாது என்பதும் வழக்கம். நொண்டி மாமாவை நொண்டி மாமா என்றுதானே அழைத்தோம்?

சின்னாத்தா சாம்பிராணியைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாய் நிறைய அழைத்தார். "ஏ வாழாவெட்டி, ஒனக்கு எலை போட்டிருக்கு. சீலை வச்சிருக்கு. வந்து எடுத்துக்க."

"இந்தா வாரேன்."

கிணற்றடிப் பக்கமிருந்து வந்தது. கடைசி எழுத்தை இழுத்து. நான் உங்கள் தம்பியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். சின்னாத்தா கண்ணைத் திறக்கவே இல்லை. கிணற்று ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றி நின்ற சத்தம் கேட்டது.

அப்போது தேவகி வந்தாள். அடுப்படியிலிருந்து வந்தாள் மதினி, கிணற்றடியிலிருந்து இல்லை. கையெல்லாம் வடை மாவு. யாரையும் பார்க்காமல் நேரே கூடைக்குப் போய், அந்தச் சேலையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"எதுக்குக் கூப்புட்டீக சின்னாத்தா? இது எனக்கா?"

சின்னாத்தா என்பது நீங்கள் கூப்பிடுகிற முறை, அவளுக்கு அவர் அப்பத்தா. எனக்குப் பயத்தில் சிரிப்பு முட்டியது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். உங்கள் தம்பிதான் எழுந்தார். அவள் தலையில் கையை வைத்து, "தேவகி" என்றார். மறுபடியும் "தேவகி" என்றார். தூரத்தில் போகிறவளைக் கூப்பிடுகிற மாதிரி. அவள் மிரண்டுபோய் "என்னப்பா?" என்றதும், சேலையை வாங்கிக் கூடையில் வைத்தார். பிறகு உங்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அக்கா. அழகம்மை அக்கா. நீ ஒன் பேருக்கு வா. அது ஒன் பேரு இல்ல, எம் மக பேரும் இல்ல. அவளை விட்டுரு."

உங்கள் பெயரை அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

இப்போது என் கேள்வி. தேவகி சத்தியம் பண்ணுகிறாள், அவள் பதிலே சொல்லவில்லையாம். கூப்பிட்ட சத்தம் கேட்டது, தன்னைத்தான் என்று நினைத்து எழுந்து வந்தாளாம். உங்கள் தம்பிக்குக் கேட்டது அவள் குரல். சின்னாத்தாவுக்குக் கேட்டது உங்கள் குரல். சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ஜமீலாவுக்குக் குரலே கேட்கவில்லை, ராட்டினம் மட்டும் கேட்டதாம். அப்படியானால் "வாரேன்" என்றது யார்? நீங்கள்தானா? அவளுக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னீர்களா, அந்தப் பெயர் அவளுக்குப் போகாமல் இருக்கட்டும் என்று? இல்லை, அவளைக் கூட்டிப்போகத்தான் வந்தீர்களா? என்னால் முடிவு பண்ண முடியவில்லை. அதனால்தான் உச்சி வெயிலில் எனக்கு ஜமீலா வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பிறகு வந்தார். குன்றக்குடிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாராம். "என்ன, பிள்ளைய வாழாவெட்டியா வச்சுக்கப் போறீகளா?" என்றார். உங்கள் தம்பி ஒரு டயருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"எம் மக பேரு தேவகி. இது எங்க அக்கா இருந்த வீடு. அவ இருந்துட்டுப் போறா. காப்பி குடிக்கிறீகளா?"

குடிக்காமலே போய்விட்டார். காப்பியை நான் குடித்தேன்.

சின்னாத்தாவும் அந்த வார்த்தையை விட்டுவிட்டார். புரிந்துகொண்டு விடவில்லை, பயந்துபோய் விட்டார். அதனால் என்ன? பயத்தில் விட்டாலும் விட்டதுதான். உப்பு விற்கிறவருக்கும் அவரே கதையைச் சொல்லிவிட்டார். அவர் இப்போது "சைக்கிள்கடை வீடு" என்கிறார், அதுவும் தூரத்திலிருந்து.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன் மதினி. இனி இந்த வீட்டில் உங்கள் இலைக்கு முன்னால் அழகம்மை என்ற பெயரைத் தவிர வேறு பெயர் வராது. அடுத்த படைப்பில் நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வேன். தேவகியும் உங்கள் கூடைப் பக்கம் போக மாட்டாள். ஆசைப்பட்டால் அவளுக்கு வேறு நைலக்ஸ் வாங்கித் தருகிறோம்.

சின்னாத்தா, நாக்கு பழைய வழக்கத்தில் போய்விடக் கூடாது என்று, நேற்று மத்தியானம் கொல்லையில் உட்கார்ந்து "அழகம்மை, வந்து எடுத்துக்க" என்று உரக்கச் சொல்லிப் பழகினார். மேலத்தெருவில் பால் ஊற்றுகிறவள் பெயரும் அழகம்மைதான். அவள் பின்பக்கமாக வந்து, "என்னத்தை எடுத்துக்கிறது?" என்று கேட்டாள். சின்னாத்தா எழுந்தார், பிறகு மோர்ப்பானை மேல் உட்கார்ந்தார். நேற்று எல்லோரும் ரசத்தோடு முடித்துக்கொண்டோம்.

இப்படிக்கு,
பெண்டாட்டி என்று எழுதலாமா கூடாதா என்று யோசித்துவிட்டு எழுதுகிற,
உங்கள் தம்பி பெண்டாட்டி.