மலையிலிருந்து இறங்கிய ரத்தம்

1935 ஜூலை 6, சனி. லாபிஸ் ரப்பர் தோட்டம்.
விடியற்காலையிலிருந்து மழை. பால்வெட்டு இல்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் நான்கு வருடம் இருந்துவிட்டு நேற்று ரயிலில் வந்திறங்கிய பாக்கியத்துக்கு ரத்தப் பரிசோதனை. விரலில் குத்தி, ஒற்றுத்தாளில் ஒரு சொட்டு. ரத்த பலத்தை அளக்க வெளிறலிலிருந்து அடர்சிவப்பு வரை கட்டம் போட்ட அட்டையோடு ஒப்பிட்டால் அதன் கடைசிச் சிவப்பையும் மிஞ்சுகிறது! தோட்டத்து ஆஸ்பத்திரியில் என் பன்னிரண்டு வருட டிரஸ்ஸர் வேலையில் பார்த்ததில்லை. இந்தத் தோட்டத்து ஆட்களுக்குப் பாதி தேறினாலே பெரிசு. எல்லார் வயிற்றிலும் ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு.
வாங்க வேண்டியது: அயோடின், பஞ்சு, வீட்டுக்குக் கருவாடு.

ஜூலை 20, சனி.
புழுக்கம். பாக்கியத்தின் ரத்தம் ஒரு கட்டம் வெளுத்திருக்கிறது. இரண்டே வாரத்தில்! வெறுங்காலோடு நடக்கிறாள், வேறென்ன, புழுதான்.
“எனக்கு ஒண்ணுமில்லீங்களே. நல்லாப் பசிக்குது, தூக்கம் வருது.”
“அட்டை பொய் சொல்லுமா?” என்றேன். எனக்கே பாடமா?

ஜூலை 22, திங்கள்.
காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பூச்சி எண்ணெய், பிறகு பேதி மருந்து. வரிசையாக நிறுத்தி, என் கண்முன்னே விழுங்கவைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்வது என் வழக்கம். இல்லாவிட்டால் துப்பிவிடுவார்கள். பாக்கியம் குமட்டிக்கொண்டே விழுங்கினாள்.
எனக்குப் பல்வலி. கிராம்பு.

ஆகஸ்ட் 5, திங்கள்.
ரத்தம் இன்னும் ஒரு கட்டம் இறக்கம். பேதிக்குப் பிறகு ஒரு புழுகூட விழவில்லையாம். பிடிவாதக்காரப் புழு. அளவைக் கூட்டிக் கொடுத்தேன்.
“காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி இருக்குங்கய்யா.”
“மருந்து வேலை செய்யுது, அப்படித்தான் இருக்கும்.”

ஆகஸ்ட் 12, திங்கள்.
மூன்றாம் முறை எண்ணெய். எத்தனை கூப்பிட்டும் திரும்பாமல் நின்றாள். திமிர் என்று நினைத்து எல்லார் முன்னும் திட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்.
மாதம் ஒருமுறை வரும் வெள்ளைக்கார டாக்டர் வந்தார். பாக்கியத்தின் ரத்தப் பரிசோதனைத் தாள்களைப் பெருமையாகக் காட்டினேன். எங்கிருந்து வந்தவள் என்று கேட்டார். சொன்னேன். உயரத்தில் காற்று மெலிவாம். ஈடுகட்ட உடம்பே ரத்தத்தில் சிவப்பைக் கூட்டிக்கொள்ளுமாம். கீழே வந்தால் அவ்வளவு தேவையில்லை, தானாக இறங்குமாம். நோயே இல்லை.
எத்தனை முறை எண்ணெய் கொடுத்தாய் என்றார். மூன்று. பேனாவை மூடிவிட்டார். காது மந்தமானதையும் சொன்னேன். அந்த எண்ணெயால்தானாம். மறுபடி கேட்குமா, தெரியாது. புழு என்றே இருக்கட்டும், அவளிடம் ஒன்றும் சொல்லாதே என்றார்.
மனைவியும் அதையே சொல்கிறாள். “சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்காதீங்க.”
நன்றாக இருந்தவளைக் கெடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி.
மந்தாரம். மாலை ஐந்து மணிக்கு ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். பாக்கியம் வாசலில் மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து கும்பிட்டாள். “இவ்வளவு தூரம் எனக்காக வந்தீங்களாய்யா?” சொந்தக் குரலின் அளவு தெரியாமல் உரக்கப் பேசுகிறாள்.
“உனக்குப் புழுவே இல்ல, பாக்கியம். தப்பு என்னோடது,” என்றேன், அக்கம்பக்கம் கேட்காதபடி.
“கேக்கலீங்கய்யா. சத்தமாச் சொல்லுங்க.”
பக்கத்துக் கதவெல்லாம் திறந்திருந்தது. லயமே திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொன்னேன்.
பாக்கியம் என் வாயையே பார்த்தாள். கையைக் காதோரம் குவித்துக்கொண்டு கிட்டே வந்தாள்.
“இன்னுங் கொஞ்சம் சத்தமாய்யா.”