கடைசி ஆள் முதலில்

என் அருமை நைனா,

நேற்று சைதாப்பேட்டையில் உன் படத்தைத் திறந்தார்கள். எந்தப் படம் தெரியுமா? போர் விமானத்தின் ஏணியில் கால் வைத்து நிற்பாயே, அது. கவுன்சிலராக இருந்தபோது முழங்கால் அளவு சாக்கடையில் நின்றாயே, அந்தப் படத்தைத்தான் நான் கொடுத்தேன். "இதுல கெத்து இல்லம்மா" என்று கட்சி ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு அதில்தான் கெத்து. போரில் ஒரு ஸ்குவாட்ரனையே நடத்தியவன் நீ. பதக்கத்தைக் குத்திக்கொண்டு விழா விழாவாகப் போய் மாலை வாங்கியிருக்கலாம். வார்டு தேர்தலில் நின்றாய். "பிளேன் ஓட்னவரு கால்வா தூர் வார வந்துகிறாரு, இன்னா கிரகம் மாமா இது?" என்று டீக்கடையில் கலாய்த்தார்கள். முதலில் சிரித்தவன் நீதான்.

விமானப்படையிலிருந்து ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தாய். பறந்து இறங்கியதும் எல்லாரும் உட்கார்ந்து, என்ன தப்பு நடந்தது என்று பேசுவீர்கள். பதவியில் கடைசி ஆள் முதலில் பேச வேண்டும். தளபதி வாயைத் திறந்துவிட்டால் அப்புறம் எவனும் உண்மை பேச மாட்டான் என்பாய். வார்டு ஆபீசிலும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதையே செய்தாய். துப்புரவு வேலை செய்யும் மல்லிகா அக்கா முதலில் பேசுவாள், என்ஜினியர் காத்திருப்பார். அதற்காகவே அடுத்த முறை உனக்கு சீட் தரவில்லை. இந்த ஊரில் உண்மையைக் கேட்கிறவனுக்கு வேறென்ன கிடைக்கும்?

நேற்று பேச்சாளர்களை அழைக்கும் வேலை எனக்கு. எம்.எல்.ஏ.தான் முதலில் என்றார்கள். நான் மல்லிகா அக்காவைக் கூப்பிட்டேன். ஆற்றோரத்தில் மிச்சமிருக்கும் அவள் வரிசை வீடுகளைத் திங்கட்கிழமை இடிக்கப்போகிறார்கள். அங்கிருக்கும் சனங்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவார்களாம். எம்.எல்.ஏ. எதிரில் அவள் வேறெப்போது பேசுவது?

"இன்னாம்மா இது, அண்ணன் குந்திகினு கீறாரு" என்றார் வட்டச் செயலாளர்.

"எங்க நைனாவுக்கு நடக்குற கூட்டம். அவரு முறைப்படிதான் நடக்கும்" என்றேன்.

அக்கா முதலில் உன்னைத்தான் பிடித்தாள். "சார் மேல எனக்கு ஒரு கொறை கீது. முன் வரிசைய இடிக்கிறப்ப மெஷினாண்ட போய் நின்னாரு. ஒத்த ஆளா! போலீசு தூக்கினு பூட்டாங்க. ஒரு கொரல் குடுத்திருந்தா தெருவே வந்திருக்கும்ல? நாங்க இன்னா வேடிக்கை பாக்கவா கீறோம்?" பிறகு எம்.எல்.ஏ. பக்கம் திரும்பினாள். "திங்கக்கெயம நாங்க நிப்போம். நீ எந்தப் பக்கம் தலைவரே?"

அவர் எழுந்து உன் வீரத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். திங்கட்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு அவள் சொன்னதுதான் சுருக்கென்றது. வானத்தில் எவனும் ஒற்றையாகப் போகக்கூடாது, முதுகைப் பார்த்துக்கொள்ள இன்னொரு விமானம் கூடவே வர வேண்டும் என்று உன் பைலட்டுகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தவன் நீ. தரையில் ஏன் மறந்தாய், நைனா? எங்களுக்கு அடிபடக்கூடாது என்றா? நீ அங்கே இருந்திருந்தால், "கரெக்டு மல்லிகா, என் தப்பு" என்றிருப்பாய். அதனால்தான் நீ எனக்குத் தளபதி.

திங்கட்கிழமை மல்லிகா அக்கா முன்னால் நிற்பாள். தெரு முழுக்க இருக்கும். அவள் முதுகை நான் பார்த்துக்கொள்வேன். முடிந்ததும், ஸ்டேஷனோ வீடோ, எங்கே இருந்தாலும் உட்கார்ந்து பேசுவோம். அவள் முதலில். நான் கடைசியில்.

உன் ஆற்றோரத்து மகள்,
தேன்மொழி